கை குடுக்க நேரமில்லை

அக்கா பஸ் தரிப்பில் நின்று நான் பார்த்ததில்லை. பஸ் வர ஆறு நிமிடம் என்று பலகை காட்டினால் அடுத்த தரிப்புக்கு நடக்கத் தொடங்கிவிடுவார். அங்கே போனால் இன்னும் நாலு நிமிடம் என்று காட்டும், அதற்கடுத்ததுக்கு நடப்பார். இப்படியே நடந்து ஒருமுறை கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் தன் வீட்டு வாசலுக்கே போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. பஸ் அவரைக் கடந்து போகும்போது கதவுத் திறப்பைப் பூட்டில் போட்டுக்கொண்டிருந்தாராம். கதையைச் சொன்னது அவருடைய அம்மா. கேட்டபோது அக்கா மறுக்கவில்லை.

"நிண்டிருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் வந்திருப்பன். இப்ப நடந்ததாவது மிச்சம்" என்றார்.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால், இதை வாசிக்க எங்கேயோ ஓர் இடைவெளி கண்டுபிடித்து, வாசித்து, தேவையில்லாத வரிகளையெல்லாம் வெட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். கல்லூரியில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். மதுரையிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு வந்திருந்த செந்திலுக்கும் அக்கா. இத்தனைக்கும் செந்தில் அவரைவிட மூத்தவன். "வயசுல என்னப்பா இருக்கு, என்னைத் திட்டுறவங்க எல்லாரும் எனக்கு அக்காதான்" என்பான்.

மருந்தியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உதைபந்தாட்டத்தோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஐந்து மணிக்கு வந்தது இரண்டே பேர்: அக்காவும் பழைய விளையாட்டுச் செயலாளரும். பழையவர் அந்தப் பொறுப்பை யார் தலையிலாவது கட்டிவிட்டு ஓடக் காத்திருந்தவர். நாங்கள் ஐந்தே முக்காலுக்குச் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனபோது, அக்கா ஏகமனதாகத் தெரிவாகியிருந்தார். மைதானத்துத் திறப்பும் காற்றுப் போன இரண்டு பந்துகளும் அவர் மடியில் இருந்தன.

"ஆரும் எதிர்ப்போ?" என்று கேட்டார்.

நாங்கள் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நல்லது. எனக்கு ஃபுட்போல் தெரியாது. ஆனா நேரம் எங்க ஒழுகுதெண்டு பார்க்கத் தெரியும்."

எங்கள் அணிக்கு இருந்தது கிழமைக்கு ஒரே ஒரு மணித்தியாலம். வியாழன் மாலை ஆறிலிருந்து ஏழு வரை, சுற்றிக் கம்பிவலை அடித்த செயற்கைப் புல் மைதானம். கல்லூரி மாணவர் ஒன்றியம் தந்தது. லண்டனில் மைதானம் கிடைப்பது வாடகைக்கு வீடு கிடைப்பது மாதிரி. கிடைத்தவர் விடமாட்டார், கிடைக்காதவர் கதவடியிலேயே நிற்பார். எங்கள் கதவடியில் நின்றது ஃபிரிஸ்பீ கழகம். அந்தத் தட்டு எறிகிறவர்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு, அப்படி ஒரு சீருடை. ஒன்றிய அலுவலகத்தில் அக்காவுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இடையில் நடக்கும் போட்டியில் உங்கள் அணி வருடா வருடம் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகிறது. இந்த வருடமும் அப்படியென்றால் வியாழக்கிழமை ஃபிரிஸ்பீக்காரருக்கு.

நாங்கள் இதைக் கேட்டு, "அநியாயம்" என்று சொல்லிவிட்டு, சமோசா வாங்கப் போனோம். அக்கா போகவில்லை.

முதல் வியாழக்கிழமை அவர் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நின்று என்று எழுதிவிட்டேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தபடி. உள்ளே எங்கள் வழக்கமான பயிற்சி. அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமென்றால் நிரோவிலிருந்து தொடங்க வேண்டும்.

நிரோ எங்கள் கப்டன். ஆறடிக்கு மேல் உயரம், தங்கமான பொடியன். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து டிராம், ரயில், டியூப் என்று மூன்று மாறி வருவான். மூன்றில் ஒன்று அவனைக் கைவிடாமல் இருந்ததில்லை. பிந்தி வந்தவன் பேசாமல் வந்து விளையாட வேண்டியதுதானே. மாட்டான். ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுப்பான். முதலில் உள்ளங்கை, பிறகு பொத்திய கை முட்டி, பிறகு தோளோடு தோள், கடைசியில் "எப்பிடி மச்சான், வீட்டில சுகமோ?" பந்தோடு ஓடிக்கொண்டிருப்பவன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டுக் கை கொடுப்பான். யாரையாவது விட்டுவிட்டால் அவனுக்கு ஒரு கிழமை மனத்தாங்கல். ஆக, ஒருவன் பிந்தி வந்தால் மைதானம் முழுவதும் நிற்கும். நாங்கள் எல்லோருமே ஒருவர் பின் ஒருவராகப் பிந்தித்தான் வந்தோம்.

இது முடிய சப்பாத்துக் கயிறு கட்டுவோம். பிறகு உடம்பைச் சூடாக்க இரண்டு சுற்று மெல்லோட்டம். பிறகு யார் எந்தப் பக்கம் என்று ஒரு வழக்கு. பிறகு எங்கள் கோல் கீப்பர் செந்தில் வாழைப்பழம் சாப்பிட்டு முடிய வேண்டும். பிறகு எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை கோலுக்கு அடித்துவிட்டு, மறுபடி வரிசையின் வாலுக்குப் போய் நின்று, படம் பற்றிக் கதைப்போம்.

ஏழு மணிக்கு அக்கா உள்ளே வந்து கைபேசியைக் காட்டினார். பந்து உருளும்போது மட்டும் கடிகாரத்தை ஓட விட்டிருக்கிறார். பதினொரு நிமிடம்.

"மிச்சமெல்லாம் எங்க போனது?"

"வோர்ம்-அப் அக்கா" என்றான் நிரோ.

"தம்பி, நீங்கள் விளையாட வரேல்ல. கலியாண வீட்டுக்கு வந்திருக்கிறியள். பொம்பிளை மாப்பிளை மட்டும்தான் இல்லை."

அடுத்த கிழமையிலிருந்து எங்கள் வாழ்க்கை மாறியது. கை கொடுப்பதெல்லாம் கம்பிவலைக்கு வெளியே. உள்ளே கால் வைத்தவன் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. நிரோ முதல் நாள் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். அக்கா குறுக்கே வந்து அந்தக் கையில் ஒரு பந்தை வைத்துவிட்டுப் போனார். "கை குடுக்க நேரமில்லை." இதை அவர் கோபமாகச் சொல்வதில்லை. கடைக்காரர் பால் முடிந்துவிட்டது என்று சொல்வாரே, அப்படி.

உடம்பைச் சூடாக்குவது மைதானத்துக்கு வெளியே என்றார். அதனால் டியூப் நிலையத்திலிருந்தே ஓடி வந்தோம். பூட்ஸை வகுப்பிலேயே மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். எஸ்கலேட்டர் இரும்புப் படியில் பதினைந்து பதினாறு பேர் பூட்ஸோடு இறங்கினால் என்ன சத்தம் வரும் தெரியுமா? முன்னால் நின்ற ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, குதிரைதான் வருகிறது என்ற நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தார். எங்களைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வரிசை என்றால் அக்காவுக்கு ஆகவே ஆகாது. "இதென்ன, பாண் வாங்குற லைனோ?" என்று எங்கள் கோலடிக்கும் வரிசையைக் கலைத்தார். யார் யாரிடமோ கேட்டு இன்னும் நாலு பழைய பந்து கொண்டுவந்தார். மைதானத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டுக்கு இரண்டு விளையாட வைத்தார். பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த கட்டத்துக்கு ஓட வேண்டும். ஓடி வருகிறவனைக் கண்டதும் அங்கே ஒருவன் இடம் விட வேண்டும். எங்களுக்குப் பாதி நேரம் யார் எந்த அணி என்றே தெரியாது. ஆனால் நிற்பதற்கு இடமே இல்லை. "நிக்கிற ஆள் பார்க்க வந்த ஆள். பார்க்க வந்த ஆளுக்கு வெளியில இடமிருக்கு" என்பார். இந்தக் கட்ட விளையாட்டை அவர் பல் தீட்டும்போது காணொளியில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். ஏச்சும் ஓடிக்கொண்டேதான். வேலைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தோடு பக்கத்தில் ஓடி வந்து, "நீ இடது காலை வீட்டில விட்டிட்டு வாறனியோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தவனிடம் போய்விடுவார். பதில் சொல்ல நமக்கும் மூச்சு இருக்காது.

கதைக்க வேண்டியதெல்லாம் செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில். அக்காவின் அம்மா சுட்டுக் கொடுத்த ஏழு மட்டன் ரோல்ஸை மேசையில் பரப்பி, ஏழு பேர் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்குவார். போட்டி அணிக்கு ஏழு பேர் ஆட்டம். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்தபோது மேசையில் ஆறு ரோல்ஸ்தான் இருந்தன.

"எங்கட லெஃப்ட் பாக் எங்க?"

செந்தில் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ரொம்ப முன்னாடி ஏறிப் போயிட்டாருக்கா."

அக்கா சிரித்தார். அடுத்த செவ்வாய் பச்சை மிளகாய் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் எனக்கு அவரைப் பார்த்தால் ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். இந்த மனுசி எப்போதாவது சும்மா இருப்பாரா என்று யோசிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கத்தோலிக்கப் பங்குக் கோவில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். சனம் மன்னாரும் யாழ்ப்பாணமுமாக மண்டபம் நிறைய. பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை சுவரோரமாக நீண்டு, வாசல் தாண்டி, கார் நிறுத்துமிடம் வரை போனது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்களையும் சேர்த்துக்கொண்டு மேசைகளை நடுவுக்கு இழுத்தார். இரண்டு பக்கத்தாலும் சனம் வரலாம், சோறு ஓரிடம், கறி ஓரிடம், தண்ணீர் தனியாக. வரிசை கரைந்தது. கோழிக்கறி சூடு ஆறும் முன்னமே எல்லோரும் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார்கள். அக்கா எங்களைப் பார்த்து புருவத்தை உயர்த்தினார். பார்த்தீர்களா என்பது போல.

பிறகு சனம் கோட்டுகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போகத் தொடங்கியது. வழக்கமாகப் பின்னேரம் வரை நிறைந்திருக்கும் மண்டபம் வெறிச்சோடிவிட்டது. ஓர் அன்ரி அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்:

"பிள்ளை, நல்லாய்ச் செய்தனீ. ஆனா உந்த லைனிலதான் நாங்கள் ஆளை ஆள் கண்டு கதைக்கிறது. இனி ஈஸ்டருக்குத்தானே காணுவம்."

அக்காவின் அம்மாவுக்கு அந்த அளவு பொறுமை இல்லை. "சனம் இஞ்ச சோறு தின்னவோ வந்தது? சோறு வீட்டில இல்லையோ?"

அக்கா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கதிரைகளை மடித்து அடுக்கினார். வழக்கம்போல ஒரு தடவைக்கு நாலு. ஆனால் வழக்கமான வேகம் இல்லை.

அன்று திரும்பும்போது எலிசபெத் லைன் ரயிலில் நானும் அவரும் பக்கத்தில் இருந்தோம். அவருக்குக் கல்லூரி நூலகத்தில் ஏதோ வேலை இருந்தது. கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு ஏன் இந்த ஃபுட்போல்? அந்த மணித்தியாலம் போனா எங்களுக்குக் கவலை. உங்களுக்கு என்ன?"

கையில் மருந்துப் பெயர் எழுதிய அட்டைகளை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டுவதை நிறுத்தவில்லை.

"காலமை லெக்சர். பின்னேரம் லாப். சனிக்கிழமை கடை. வீட்ட போனா அப்பாவின்ர கவுன்சில் கடிதம், அம்மாவின்ர ஆஸ்பத்திரி போன். எல்லாம் ஆரோ ஒருத்தருக்காக. வியாழன் ஆறு மணிக்கு மட்டும் ஒருத்தருக்கும் என்னட்ட ஒண்டும் தேவையில்லை. நீங்கள் கோல் அடிச்சா என்ன, விட்டா என்ன, ஒருத்தரும் சாகப் போறேல்ல." ஓர் அட்டையைத் திருப்பினார். "அந்த ஒரு மணித்தியாலத்தைத் தட்டு எறியிறவைக்குக் குடுக்க என்னால ஏலாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் வீணடித்தது எங்கள் நேரத்தை அல்ல, அவருடையதை.

போட்டி நெருங்கியபோது ஒரு சிக்கல். எங்கள் மைதானம் கூண்டு. பந்து வலையில் பட்டுத் திரும்பும். வெளியே போகவே போகாது. அதனால் கோர்னர் என்பதே எங்கள் பயிற்சியில் கிடையாது. போட்டியோ திறந்த புல்வெளியில். கோர்னர் அடிக்க நான் என்று முடிவாகியிருந்தது; உள்ளே ஓடி வருபவர்கள் எங்கே, எப்போது, எப்படி ஓடுவது என்று பழக ஓர் இடம் வேண்டும். அக்கா கண்டுபிடித்தது கல்லூரி நிலவறை நடைபாதை.

ஒடுக்கமான பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓடலாம். பாதியில் சூடாக்கும் குழாய் ஒன்று தலை உயரத்தில் குறுக்கே போகும். மஞ்சளும் கறுப்புமாக நாடா சுற்றியிருப்பார்கள். அதற்குக் கீழால் குனிந்து போனால் பாதை அகன்று, சோடா விற்கும் இயந்திரம் நிற்கும் கூடம் வரும். அந்தக் கூடம்தான் கோல். இரண்டு வகுப்புகளுக்கு இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இறங்கி ஓடுவோம். பந்து கிடையாது. நான் ஓரத்தில் நின்று வெறுங்காலை வீசுவேன். அக்கா கை தட்டுவார். நாலு பேர் வரிசையாக ஓடி வந்து, குனிந்து, நிமிர்ந்து, கூடத்தில் நாலு பக்கம் பிரிவார்கள். நாலாவது ஆள் நிரோ என்று திட்டம். ஆனால் அவன் எப்போதும் பிந்துவான். பிந்தியவன் மற்றப் படிக்கட்டால் இறங்குவான். அந்தப் படி குழாய்க்கு அப்பால் வந்து சேரும். அங்கிருந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வான். அவனுடைய இடத்தில் குழாய்க்குக் கீழால் ஓடியது பதிலாள்.

ஒருநாள் காவலாளி வந்து பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கலை விழாவுக்கு நடனம் என்று அக்கா கண் இமைக்காமல் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிகிற இடம் நன்றாக இருக்கிறது, எல்லோரும் ஒன்றாகக் குனிகிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பாராட்டை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

போட்டி நாள் ஒரு சனிக்கிழமை. அக்கா கடையில் லீவு எடுத்திருந்தார். அதுவே ஒரு செய்தி. எங்கள் குழுவில் மூன்று அணி, இரண்டு மேலே போகும். எங்களுக்கு இரண்டு ஆட்டம். ரயில் பாதையில் வார இறுதித் திருத்த வேலை. நிரோ எங்கேயோ மாற்று பஸ்ஸில் இருந்தான். அவன் இல்லாமலே முதல் ஆட்டம் தொடங்கியது. நன்றாகத்தான் ஆடினோம். எங்களுக்கே ஆச்சரியம், நிற்கவே தெரியாதவர்கள் மாதிரி ஓடினோம். ஒரு கோல் வாங்கியிருந்தபோது ஒரு கோர்னர் கிடைத்தது. நான் பந்தை வைத்தேன். அக்கா கை தட்டினார். பதிலாளோடு சேர்த்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

இத்தனை பெரிய புல்வெளி. இடம் வலம் எங்கும் வெளி. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒடுக்கமான பாதையில் வருவது போல வந்தார்கள். கோலுக்குக் கொஞ்சம் முன்னால், காலியான காற்றுக்குக் கீழே, நாலு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். நான் அடித்த பந்து, அழகான பந்து, அவர்களின் முதுகுகளுக்கு மேலால் போய் அந்தப் பக்கம் வெளியே விழுந்தது.

கரையில் நின்ற சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அதன் பிறகு எங்கள் பக்கம் பந்து வந்தபோதெல்லாம் எதிரணிப் பொடியன்கள் கரையில் நின்று குனிந்து காட்டினார்கள். தோற்றோம்.

அடுத்த ஆட்டத்துக்கு இடையில் இருந்தது கொஞ்ச நேரம். அதை வென்றே ஆக வேண்டும்; சமனாக முடிந்தாலும் வீடு, வியாழக்கிழமையும் போச்சு. அக்கா எங்களைக் கூட்டி வைத்து மெல்லக் கேட்டார்.

"ஏன் குனிஞ்சனீங்கள்?"

ஒருவரையொருவர் பார்த்தோம்.

"பைப் அக்கா" என்றது ஒரு குரல்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "சரி. குனியாம ஒருக்கா ஓடுங்கோ." ஓடினார்கள். அந்த இடம் வந்ததும் தலைகள் தாமாகவே இறங்கின. "இன்னொருக்கா." இறங்கின. செந்தில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, சாமி ஊர்வலத்துல கரண்டு கம்பி வந்தா பல்லக்கு இறங்குமே, அந்த மாதிரியே இருக்குக்கா."

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார் அல்லது கத்தியிருப்பார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வரிசையைக் கண்டால் வரும் முகம்.

அந்த நேரம் பார்த்து நிரோ ஓடி வந்தான். மூச்சு வாங்க, கையை நீட்டிக்கொண்டு. உள்ளங்கை, முட்டி, தோள் என்று என்னிடம் தொடங்கப் போனான்.

"நிரோ, கையை மடக்கு. நீ ஒருநாளாவது உந்தப் பைப்புக்குக் கீழால வந்தனியோ?"

"இல்லை அக்கா. நான் மற்றப் படியாலதானே வாறனான். சொறி அக்கா, இனி—"

"சொறி சொல்லாத." அக்காவின் குரலில் ஏதோ மாறியது. "இவையின்ர குனிவை மறக்கப் பண்ண இப்ப நேரமில்லை. இருக்கிறதைப் பாவிப்பம். நீங்கள் மூண்டு பேரும் நல்லாக் குனியுங்கோ. வெக்கப்படாமக் குனியுங்கோ. நிரோ, நீ கடைசியில வா. நிமிர்ந்து வா."

இரண்டாவது ஆட்டம் கடைசி வரை கோல் இல்லாமலே போனது. செந்தில் இரண்டு பந்தை எப்படியோ பிடித்தான், ஒன்றை முகத்தால். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர். முதல் ஆட்டத்தைக் கரையில் நின்று பார்த்த எதிரணியினர் இப்போதே சிரிக்கத் தொடங்கினார்கள். நான் பந்தை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் கை தட்டவில்லை. வாயருகே இரண்டு கையையும் குவித்து, அந்தப் புல்வெளி முழுவதும் கேட்கக் கத்தினார்.

"பைப்."

மூன்று பேர் வரிசையாக ஓடி வந்து தரையோடு தரையாகக் குனிந்தார்கள். அந்தக் கத்தலைக் கேட்டு இப்படி ஒரு குனிவைப் பார்த்தால் எந்த மனுசனும் குனிவான். எதிரணியில் இரண்டு பேர் தலையில் கை வைத்துக் குனிந்துவிட்டார்கள். அவர்களுடைய கோல் கீப்பர் வானத்தைப் பார்த்தார். குனிந்த முதுகுகளுக்கு மேலால் பந்து வந்தது. அவ்வளவு பேருக்குள் நிமிர்ந்து நின்றது ஒரே ஒரு நெற்றி. எப்போதும் பிந்தி வந்து, அந்தக் குழாயைக் கண்ணாலும் காணாத நெற்றி. பந்து அதில் பட்டு உள்ளே போனது.

நிரோவுக்குத் தலைகால் தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் கை கொடுக்க ஓடினான். எதிரணிக்காரர் ஒருவரிடமும் நீட்டினான். கரையிலிருந்து அக்கா கத்தினார். "கை பேந்து குடுக்கலாம். இன்னும் விசில் ஊதேல்ல. இடத்துக்குப் போ."

போனான். மிச்ச நேரத்தையும் தாக்குப் பிடித்தோம். விசில் ஊதியது. முதல் சுற்றைத் தாண்டினோம். அதற்கடுத்த ஆட்டத்தில் எங்களை யாரோ தும்பாக்கினார்கள். அதெல்லாம் எழுத வேண்டியதில்லை. வியாழக்கிழமை எங்களிடமே இருந்தது.

அக்காவிடம் மட்டும் இருக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் வடக்கே நியூகாசிலில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவருக்குக் கடைசி வியாழக்கிழமை மே மாதத்தில் வந்தது. நாங்கள் ஆறு மணிக்கு முன்னமே பூட்ஸ் கட்டி, நிலையத்திலிருந்து ஓடி வந்து, நாலு மூலையிலும் பந்து வைத்துத் தயாராக நின்றோம். நிரோ கூட வந்துவிட்டான். அக்காவைக் காணவில்லை.

எங்களுக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. போன் எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். செந்தில் சொன்னான்: "வேணாம்டா. நிக்குறதைப் பாத்தா திட்டுவாங்க. ஆடுங்க." ஆடினோம்.

நல்ல வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். நடந்து வந்தார். கையில் ரோல்ஸ் பெட்டி. அதை மெல்லக் கீழே வைத்தார். கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, ஆட்டத்தின் நடுவால், கட்டங்களைக் குறுக்கே கடந்து, நேரே செந்திலிடம் போனார். கையை நீட்டினார். செந்தில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பார்க்கிறாய்? பிந்தி வந்தா கை குடுக்கிறேல்லையோ?"

உள்ளங்கை. முட்டி. தோளோடு தோள் மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை. செந்திலின் தோள் உயரம். "எப்பிடி, வீட்டில சுகமோ? அம்மான்ர முழங்கால் எப்பிடி?"

"பரவால்லக்கா. இப்ப மாடி ஏறுறாங்க" என்று தொடங்கிய செந்தில், அம்மா எந்த மருத்துவரிடம் போனார், அவர் என்ன சொன்னார், தங்கை என்ன சொன்னாள் என்று முழுக்கச் சொன்னான். அக்கா முழுக்கக் கேட்டார்.

பந்து ஒன்று உருண்டு போய் வலையில் பட்டு நின்றது. எடுக்க ஒருவரும் போகவில்லை. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அக்காவுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். அவர் அந்த வரிசையின் வால் வரைக்கும் ஒருதடவை பார்த்தார். அடுத்தவனுக்குக் கையை நீட்டினார்.

நிரோவிடம் வந்தபோது அவன்தான் கேட்டான். "அக்கா, ஏன் பிந்தினீங்கள்?"

"ஸ்டேசனில பஸ்ஸுக்கு நிண்டனான்" என்றார்.

ஏழு மணியாகியிருக்க வேண்டும். அடுத்த மணித்தியாலத்துக்காரர், ஏதோ அலுவலகத்து ஆட்கள், உடுப்பு மாற்றிக்கொண்டு கதவடியில் வந்து நின்றார்கள். ஒருவர் வலையைத் தட்டி, முடிந்துவிட்டதா என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றார். "இன்னும் ரெண்டு பேர் நிக்கினம்."

அந்த இரண்டு பேரில் நான் இரண்டாவது.